வாடிக்கையாளர் வேடம்

வாடிக்கையாளர் போல நடிப்பதுதான் அவள் வேலை. வங்கிகள் ஒரு நிறுவனத்தை அமர்த்தும், அந்த நிறுவனம் இவளை அனுப்பும். கவுன்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்தாரா, எரிந்து விழுந்தாரா என்று கவனித்து வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளி நாடகத்தில்கூட மேடை ஏறாதவளுக்கு இது எப்படியோ கைவந்துவிட்டது.

அடிக்கடி கிடைத்தது புருஷனை இழந்தவள் வேடம். துக்கத்தோடு வருபவர்களை ஊழியர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று வங்கிகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதல் தடவை அவளுக்கு மனசே ஒப்பவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் எப்படிச் செத்தேன்னு கொஞ்சம் கௌரவமா சொல்லு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்னு சொல்லித் தொலைச்சிடாதே."

"வாயைக் கழுவுங்க முதல்ல!"

ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. அவள்தான் துடைத்துவிட்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழ வாயெடுத்தால் கவுன்டர் கவுன்டராக நின்று கண்ணைக் கசக்கியதே ஞாபகம் வந்தது. வெளியூரிலிருந்து வந்த மகள் சில நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு, இருவர் பெயரிலும் இருந்த கணக்கிலிருந்து அவர் பெயரை எடுக்க அவள் தனியாக வங்கிக்குப் போனாள்.

கவுன்டரில் இருந்த கண்ணாடிக்கார இளைஞன் அவளைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"வீட்டுக்காரர் தவறிட்டார். அவர் கணக்கை என்ன செய்யணும்?"

சொல்ல நினைத்து வந்தது வேறு. பழகிப்போன வாய் பழைய வசனத்தையே சொல்லிவிட்டது. அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். இந்த நேரத்துல நாங்க உங்களுக்குத் துணையா இருப்போம்" என்று மளமளவென்று ஒப்பித்தவன், குனிந்து குரலைத் தாழ்த்தினான். "மார்க்கெட் கிளைக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க எழுதிக் கொடுத்ததுல என்னை டிரெய்னிங்குக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் இங்க மாத்திட்டாங்க. இப்ப சரியா செய்றேனா?"

"இது நிஜம் தம்பி."

"அன்னைக்கும் நிஜம் மாதிரியேதான் இருந்துச்சு. எப்படி மேடம் இப்படி நடிக்கிறீங்க?" அவன் குரலில் கேலி இல்லை, வியப்புதான் இருந்தது.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. பையிலிருந்து இறப்புச் சான்றிதழையும் பாஸ்புக்கையும் எடுத்து அவன்முன் வைத்தாள். பாஸ்புக்கில் இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோ ஒட்டியிருந்தது. அவன் சான்றிதழைப் படித்தான், போட்டோவைப் பார்த்தான், மறுபடியும் படித்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அம்மா..." என்றான்.

கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை விரல் வைத்துக் காட்டினான்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"இல்லப்பா."

"மன்னிச்சிடுங்கம்மா. நான் பாட்டுக்கு..."

"உன்மேல என்ன தப்பு? விடு."

அவன் பாஸ்புக்கை வாங்கி, ஸ்கேல் வைத்து அவர் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான். வாசல்வரை கூடவே வந்தான்.

தெருவில் இறங்கியதும் மகள் போன் செய்தாள்.

"போன காரியம் முடிஞ்சுதாம்மா? நல்லபடியா பேசினாங்களா?"

"பேசினாங்க. அந்தப் பையன் நல்ல பையன்..." அவளுக்குக் குரல் உடைந்தது. "அப்பா பேரை அடிச்சிட்டாங்கடி."

போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்க, முகத்தை மறைக்கவும் தோன்றாமல், நடைபாதையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.