முகம் திருப்பிய செயற்கைக்கோள்

...இல்லை, இது அளவுமானியின் கோளாறு இல்லை, அது பொய் சொன்னால் சிக்னல் எண் இப்படி ஒரே சீராக இறங்காது, செயற்கைக்கோள் நிஜமாகவே பூமியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது, மெல்ல, கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடப்பார்களே அந்த வேகத்தில், சூரியத் தகடுகளும் வெயிலை விட்டு விலகிவிட்டன, இனி பேட்டரிதான் கதி, அதுவும் பாதிக்குக் கீழே... கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு முன் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சுவர் டிவியில் அதே செயற்கைக்கோள் வழியாக இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது, நாடே பார்க்கிறது, நாத்தனார் வீட்டில் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் ஷிப்ட் இன்சார்ஜ் போனில் 'சரி சார், சரி சார்' என்று குழைந்துகொண்டிருந்தார். இன்சார்ஜ் வேறு யாருமில்லை, அவள் கணவன்தான், வீட்டில் 'என்னங்க', இங்கே 'சார்', கதவைத் தாண்டியதும் நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

"சார், டிரான்ஸ்பாண்டரையெல்லாம் அணைச்சிடலாம். படத்தை அனுப்புற வேலைதான் பேட்டரியைக் குடிக்குது."

"ஆட்டம் முடியட்டும்னு சொல்றாங்க."

"யாரு?"

"மேல."

மேலேயாம்... முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் தன்னந்தனியாகத் தவிக்கிறதே, அதைவிட மேலே யார் இருக்கிறார்கள்? பேட்டரி தீர்ந்தால் சூடேற்றிகள் நிற்கும், எரிபொருள் குழாயிலேயே உறையும், அப்புறம் எந்தக் கட்டளைக்கும் அசையாது, வெறும் உலோகத் துண்டு. அணைத்தால் மட்டும்? மிச்ச மின்சாரத்தில் சூரியனைத் தேட வைக்கலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஊர் டிவியை எல்லாம் அணைத்தவள் என்ற பேர் மட்டும் நிச்சயம்... கட்டளையை அடித்து வைத்திருந்தாள், அனுப்புவதுதான் பாக்கி. திரும்பினாள். அவன் போனை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தான், திரையைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க..." வாய் தவறிவிட்டது, அறையில் யாரும் சிரிக்கவில்லை. "சொல்லுங்க, அனுப்பட்டுமா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அனுப்பிவிட்டாள்.

சுவர் டிவி நீலமாகி, சிக்னல் இல்லை என்றது. மேசையிலிருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக அலறின, எடுக்காதே, இப்போது எதையும் எடுக்காதே, அடுத்த கட்டளை, சூரியனைத் தேடு, தேடு என்றால் தேடுமா, பேட்டரி எண் இன்னும் இறங்குகிறதே, திரும்பு, திரும்பித் தொலை, உன்னைக் கெஞ்சுகிறேன்... ஒரு தகட்டில் மின்சாரம் லேசாகத் துளிர்த்தது, அணைந்தது, மறுபடி வந்தது, இந்த முறை நின்றது, பிறகு அடுத்த தகட்டிலும். இறங்கிய எண் நின்றது. அப்புறம், ஏற மனமில்லாததுபோல, ஏறியது. பிழைத்துவிட்டது. யாரோ கை தட்டினார்கள். அவனிடம் சொல்லலாம் என்று திரும்பினாள். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"இல்ல சார். நான் சொல்லல. அவங்களா அனுப்பிட்டாங்க."

அவங்களா... மரியாதையாகத்தான் சொன்னான், வெற்றியை அவள் பேரிலேயே எழுதுகிறானோ, தான் பிடுங்கிக்கொள்ளாமல்? அப்படியானால் பிழைத்துவிட்டது என்று முதலில் சொல்லியிருக்கலாமே... சற்றுமுன் வாயைத் திறந்து மூடினானே, அதைத் தயக்கம் என்றுதானே நினைத்தாள், அவள் முந்திக்கொள்ளட்டும் என்று காத்திருந்தானா? கேட்கலாம், நேராகவே கேட்டுவிடலாம், ஆனால் ஷிப்ட் முடிந்ததும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போக வேண்டும், அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, முகம் தெரியாமல், எப்படிக் கேட்பது?