அறுபது ஞாயிறுகளில் ஒரு லாரி

1.
ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஆழ்ந்த யோசனையில் பிறக்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பஸ் வரவில்லை, அதனால் பிறந்தது. டீக்கடை ஓரம் ஒரு பெண் போனில் கத்திக்கொண்டிருந்தாள்: "லாரிய நீ ரெடி பண்றியா, லாரி உன்ன ரெடி பண்ணுதா?" அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியை நான் இட்டுக்கட்டினேன். அவளுக்குக் கனகம் என்றும் புருஷனுக்குப் புருஷோத்தமன் என்றும் பெயர் வைத்தேன்.

2.
முதல் தொடக்கம்: "இரும்புக்கும் காலத்துக்கும் இடையே நடக்கும் முடிவற்ற போரில், தன்னந்தனி மனிதன் ஒருவன்..."

(அடித்துவிட்டேன். தன்னந்தனி மனிதன் அப்போது லாரிக்கடியில் படுத்து, கண்ணில் விழுந்த துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.)

இரண்டாவது: இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனி லைனில் பன்னிரண்டு வருடமாக நிற்கும் புருஷோத்தமன், பழைய லாரி ஒன்றை வாங்கிச் சேரப்பணஞ்சேரியில் தன் வீட்டு வாசலில் நிறுத்தினான். ஒரகடம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் பரசுராமன் அதைச் சரிசெய்ய ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டார். பதினைந்து நாளில் ஓடவைத்துத் தருவதாகச் சொன்னார்.

"எங்க லைன்ல நிமிஷத்துக்கு ஒரு வண்டி எறங்குது. எனக்கு இவரு பாடம் எடுக்கறாரா?" என்று புருஷோத்தமன் தானே இறங்கினான்.

லாரியைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டான். கம்பெனியில் இருப்பதுபோலவே, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவம் வரைந்த பலகை மாட்டினான். சுவரில் "தரமே நம் உயிர்" என்று எழுதினான். லாரி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை.

(அடிக்குறிப்பு: சாமான்களுக்கு எழுபதாயிரம். ஆக, மிச்சம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஆனால் லாரிக்குப் போன ஞாயிறுகள் அறுபது. ஒரு ஞாயிறு கம்பெனியில் ஓ.டி. பார்த்தால் கூலி ஆயிரத்து எண்ணூறு. கணக்குப் போட்டவள் கனகம்: "ரெண்டாயிரம் லாபம்யா. பெயின்ட் டப்பாக்கு ஆவும்.")

3.
இந்த ஆள்மேல் எனக்கே சந்தேகம். வெறும் வீம்புக்காரனாக வருகிறான். பன்னிரண்டு வருடம் கார் செய்தவன் ஒரு முழுக் காரைக்கூடத் தன் கையால்...

(வேண்டாம். அழுகைக்குப் போகிறது.)

லைனில் அவன் வேலை இதுதான்: சக்கரத்தில் நட்டுகளைக் கையால் ஏற்றிவிடுவது. அடுத்த ஸ்டேஷனில் நிற்கும் மணிகண்டபிரபு மிஷின் வைத்து இறுக்குவான்.

நேற்று சாயங்காலம் லாரியில் பாக்கி இருந்தது இடது முன் சக்கரம் ஒன்றுதான். மாட்டினான். நட்டுகளைக் கையால் ஏற்றினான். ஜாக்கியை இறக்கினான். கையை உதறிவிட்டு ஹாரனைச் சோதிக்கப் போனான்.

அவன் வாசலில் அடுத்த ஸ்டேஷன் கிடையாது.

4.
இன்று பதினொரு மணிக்கு எஃப்.சி., லாரி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்ற சோதனை. தவறினால், ஒரு கம்பெனிக்கு மரப்பெட்டி ஏற்றும் டிரிப் வேறு லாரிக்குப் போய்விடும். கனகம் லீவு போட்டுவிட்டு இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மணி பத்து நாற்பது. ஒரகடம் ரோட்டில் பைக்குகள் உரசிக்கொண்டு போகின்றன.

"இன்னாயா சத்தம் அது, டொக்கு டொக்குனு?"

"இப்பதான ரோட்டுக்கு வந்துகீது. போவப் போவ செட் ஆவும்."

"அறுவது வாரமா ஆவாதது, இப்ப ஆவுமா?"

ஸ்டியரிங் நடுங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நட்டு இறுக்கினால் கை வலிக்கும்; நேற்று கையில் ஒரு சின்ன வலிகூட இல்லை. வீல் ஸ்பேனரோ வீட்டில், பலகையில், தன் வடிவத்துக்குள் அழகாகத் தொங்குகிறது. முந்நூறு மீட்டரில் பரசுராமன் ஷெட். ஐந்து நிமிட வேலை. அவர் வாசலிலேயே டீயோடு நிற்கிறார்.

5.
முடிவு ஒன்று: நிறுத்துகிறான். பரசுராமன் ஒரு வார்த்தை கேட்காமல் இறுக்கித் தருகிறார். (ஒரு வார்த்தை கேட்காத மெக்கானிக் எந்த ஊரில்?)

முடிவு இரண்டு: நிறுத்தாமல் போய், எஃப்.சி. வாங்கி, மாலை மரியாதையோடு... (எழுதும்போதே இடப்பக்கம் ஒரு பைக் வந்துவிட்டது. பின்சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை.)

முடிவு மூன்று: சக்கரம்

(மாட்டேன்.)

இருநூறு மீட்டர். கனகம் ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

"யோவ். இன்னா மறந்துட்ட?"

புருஷோத்தமன் சொன்னான்: "....................."

இடம் விட்டிருக்கிறேன். பென்சில் போதும். சீக்கிரம் எழுதுங்கள், அவன் இன்னும் பிரேக்கில் கால் வைக்கவில்லை.