பதினேழு படங்களுக்கும் யாரும் கேட்காத கோடு

1
இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து பிறந்தது. அக்காவின் ஆய்வேட்டில் பதினேழு படங்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு கோடு. கீழே இருக்க வேண்டிய விளக்கவரி, படத்தின் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. பக்கம் அமைப்பதுதான் என் தொழில்; இதையும் மென்பொருளுக்குக் கட்டளைவரிகள் எழுதி அமைத்தவன் நான்தான்.

(முதல் வரைவு மழையில் தொடங்கியது. மழைக்கும் விளக்கவரிக்கும் சம்பந்தமில்லை. நிறுத்திவிட்டேன்.)

2
பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்ப்பவரின் பட்டப்பெயர் ஸ்கேல். சட்டைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். அவர் விதி எளிது. படத்துக்கு விளக்கவரி கீழே, கோடு கூடாது. சூடோகோடுக்கு, அதாவது கணினி செய்யவேண்டியதைப் படிப்படியாக எழுதிக்காட்டும் பகுதிக்கு, தலைப்பு மேலே, கோடு கட்டாயம். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். இன்று நாலு மணிக்குள் மூன்றாவதும் கடைசியுமான முறை. தவறினால் அடுத்த வருடம்தான். அக்காவுக்குச் சொல்லிவைத்திருக்கும் விரிவுரையாளர் வேலை அதுவரை காத்திருக்காது.

3
அத்தானைக் கோமாளியாக எழுதுவதென்று தீர்மானித்தேன். படங்களை வெட்டித் திருப்பி ஒட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலோடு வந்தார். (இது நடந்தது.) அக்கா அதைப் பிடுங்கித் தன் தலைமுடியை

இல்லை. அத்தானுக்கு வைத்த நடை அக்கா மேலும் ஒட்டிக்கொண்டது. ஆறு வருடம் உழைத்தவள் அவள்.

3 (திருத்தியது)
(இனி இயல்பான நடை.)

அக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"படத்துக்குக் கோடு போடச் சொன்னியாடா?"

"இல்லக்கா. சூடோகோடுக்குத்தான் சொன்னேன்."

"அப்புறம் படத்துக்கு என்ன சொன்னே?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் விடவில்லை. ஒரே ஒரு வரி, படங்கள் பக்கம் பக்கமாக நகர்ந்து ஓடாமல் வைத்த இடத்திலேயே நிற்பதற்காக, 'படத்தைப் புதிதாக அமை' என்று எழுதியதை ஒப்புக்கொண்டேன். எந்தப் பாணியில் என்று எழுதவில்லை.

அத்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எங்க மேனேஜர் மாதிரிதான், மாப்ளே. ஒருத்தனைத் திட்டிட்டு நிமிர்ந்தார்னா, அடுத்து உள்ள போறவனுக்கும் அதே மூஞ்சிதான். வேற மூஞ்சி வைங்கன்னு யாரும் சொல்றதில்லை."

அதேதான். மென்பொருள் கடைசியாகச் சொன்ன பாணியை மறப்பதில்லை. சூடோகோடுக்காக, தலைப்பை மேலே ஏற்றும் கோட்டுப் பாணியை எடுத்தது. அடுத்து படத்தை அமைக்கச் சொன்னதும் கையிலிருந்ததையே போட்டது. பழுது எதுவும் இல்லை. நான்தான் சொல்லாமல் விட்டேன்.

(அத்தானைக் கோமாளி என்றதை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். மேலே இருக்கும் கத்தரிக்கோல் மட்டும் இருக்கட்டும்.)

4
முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் ஸ்கேல் பதினேழு படங்களையும் அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். மற்றதில் மூன்றே முக்காலுக்கு அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கி, அத்தான் மறுபடியும் கத்தரிக்கோலை எடுக்கிறார். அக்காவின் வேலை இரண்டில் எதில் இருக்கிறதென்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது மூன்று மணி பத்து நிமிடம் வரைதான்.

'படத்தைப் புதிதாக அமை' என்ற வரிக்கு மேலே, 'இனிச் சாதாரண பாணி' என்று ஒரு வரி சேர்த்தேன். பதினேழு படங்களிலும் கோடு போயிற்று. விளக்கவரி கீழே இறங்கியது. சூடோகோடின் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.