பயந்தவன் என்றுதான் அர்த்தம்

லிஃப்ட் மெக்கானிக் என்றால் தைரியசாலி என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. நம்ம மெக்கானிக் அந்தக் கணக்கில் சேராதவர். மனுஷர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெட்டி கயிற்றில் தொங்குகிறது என்று நினைத்தாலே அவருக்கு பயம். வெளியில் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிடுவார்களே. அதனால் பிரேக்கை ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்துவிட்டு, யாராவது கேட்டால் "மோட்டார் சூடு ஆறட்டும்" என்று வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிப்பார். கூட இருப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருதடவை'.

அன்றைக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட். மற்றவர்கள் சரி என்று சொல்லியும் இவருக்கு பிரேக் பிடிக்கிற சத்தம் திருப்தியாக இல்லை. கழற்றி மாட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பழுது இருந்ததா என்றால், அப்படிப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் கத்தினார்கள். கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் அம்மா போன் செய்தார்.

"நீங்க ரொம்ப மெட்டிகுலஸ்னு எல்லாரும் சொல்றாங்க. நாளைக்குக் காலையில என்னை வந்து பாருங்க."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அந்தச் சொல் ஏதோ நோயின் பெயர் மாதிரி காதில் விழுந்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தார்.

வீட்டில் நல்லவேளையாக மனைவியின் தங்கை வந்திருந்தாள். அகராதி போடுகிற பதிப்பகத்தில் வேலை. தன்னோடு வேலை செய்கிற ஒருத்தனை மெட்டிகுலஸ் என்றார்கள் என்று சொல்லி, அவளிடம் மெதுவாக விசாரித்தார்.

"நல்ல வார்த்தைதான் மாமா. சின்ன விஷயத்தைக்கூட விடாம, பாத்துப் பாத்துச் செய்யறவங்களைச் சொல்றது. பாராட்டுதான்."

அப்பாடா என்று இருந்தது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அகராதிக்காரியிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் பாட்டன் பூட்டனை விசாரிக்காமல் விடுவாளா?

"முதல்ல அப்படி இல்ல மாமா. லத்தீன்ல மெட்டஸ்னா பயம். அதுலேருந்து வந்தது. இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல பயந்தவன்னுதான் அர்த்தம். அப்புறம் வழக்குல இல்லாம போச்சு. திரும்ப வந்தப்ப, அல்ப விஷயத்துக்கெல்லாம் அலட்டிக்கறவன்னு ஆச்சு. போகப் போகத்தான் பாராட்டா மாறிச்சு."

அவர் முகம் செத்துவிட்டது. மேனேஜர் படித்தவர், வேர் வரைக்கும் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றாள், அந்த ஒருத்தன் யார் என்று புரிந்துகொண்ட மனைவி. "வந்து சாப்பிடுங்க. வேலை போனா அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. "பாதுகாப்புச் சோதனைக்கு உங்களைத் தலைவராப் போடலாம்னு இருக்கேன்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். மனசு கேட்கவில்லை. "மேடம், நீங்க நினைக்கற மாதிரி அது திறமை இல்ல. எனக்கு பயம். ஒவ்வொரு தடவையும் விழுந்துடுமோன்னு பயம். அதான் திரும்பத் திரும்பப் பாக்கறேன்."

"இதுக்கு முன்னாடி நான் இருந்த இடத்துல, பயமே இல்லாத ஒருத்தரைத்தான் அந்த வேலையில வச்சிருந்தோம்," என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை. "எப்ப சேர்றீங்க?"

இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லியும் யாரும் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்வதற்கு முன்பே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.