மணலில் இறங்காத கால்

2003 ஆடி மாதத்திலிருந்து ஊர்த்தலைவனான நாட்டார் திலீப்பால் தன் சொந்த மீனவக் குப்பத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் தூக்கிய கால் இறங்காது. நாலு பேர் அவனைத் தூக்கிப் போய்ப் பார்த்தார்கள். தூக்கியவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அவன் மட்டும் பொத்தென்று தார் மேல் விழுந்தான். படகில் கொண்டுவந்தால் அலை அவனைக் காசிமேட்டில் இறக்கிவிட்டுப் போனது.

காரணம் ஊருக்கே தெரியும். ஏழு வருஷத்துக்கு முன், தங்கை கன்னியம்மா வியாசர்பாடி பௌத்தக் குடும்பத்துச் செங்குட்டுவனைக் கட்டிக்கொண்டபோது, அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்து அவளைத் தள்ளி வைத்தவன் இவன்தான். "அவளும் வரக்கூடாது, அவ ரத்தம் ஓடுற ஒண்ணும் இந்த மணல மிதிக்கக்கூடாது" என்றான். அவள் பிள்ளைகளையும் சேர்த்துத் தடுக்கும் கெட்டிக்காரத்தனம். கற்பூரம் அடித்துச் சொன்னதை, சொன்ன நாட்டாரே அதே கோயிலில் உட்கார்ந்துதான் எடுக்க முடியும்.

பிறகு அவனுடைய எலும்பு மஜ்ஜை வற்றியது. ரத்தம் ஊறுவதே எலும்புக்குள்தான் என்று குப்பம் அப்போதுதான் தெரிந்துகொண்டது. ஈறில் ரத்தம் கசிந்தது, தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. கூடப்பிறந்த மூன்று பேரில் மஜ்ஜை பொருந்தியது கன்னியம்மாவுக்கு மட்டும். அண்ணி ஜெயஸ்ரீ வியாசர்பாடிக்குப் போய் அழுதாள்.

"குடுக்குறேன் அண்ணி. டாக்டராண்ட கேட்டுகினேன். பழச பூரா மருந்து போட்டு அழிச்சிட்டு என்னுத ஏத்துவாங்களாம். அப்பால அவுரு ஒடம்புல ஊறுறது என் ரத்தந்தான்" என்று கன்னியம்மா சிரித்தாள். அழுகையில் ஜெயஸ்ரீக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை.

இடுப்பெலும்பில் ஊசி குத்தி எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் அவன் ரத்த வகைகூட அவளுடையதாக மாறியது. பிழைத்துக்கொண்டான். ஆட்டோவில் ஊர் திரும்பி இறங்கியபோதுதான் கால் நின்றது. கட்டுப்பாட்டை எடுக்கக் கோயிலுக்குப் போக வேண்டும். கோயில் மணலில் இருக்கிறது.

கன்னியம்மாதான் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டாள். மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. சாகவிட அவளுக்கு மனமில்லை, இருந்து அனுபவிக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். அவன் தினமும் பஸ் ஏறி வந்து சாலையோரத்தில் நின்றுவிட்டுப் போனான்.

2006 தையில் அவன் மகள் மாயாவுக்கு அம்மன் கோயிலில் கல்யாணம். புது வேட்டி கட்டிவிட்டு, கன்னியம்மாவே கூட்டி வந்தாள்.

"கன்னிமா, நீ மனசு வெச்சா வுட்ரும்டி. ஒரு தபா சொல்லேன்."

அவள் அவன் தோளைப் பிடித்து இரண்டடி நகர்த்தினாள்.

"இங்க நில்லுணா. நம்ம அம்மா பொணத்த நானு இங்க நின்னுதான் பாத்தேன். தலை மட்டும் தெரியும்."

மேளம் கொட்டியது. திலீப் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தான். கண்டெய்னர் லாரிக்காரர்கள் அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கிப் போகப் பழகியிருந்தார்கள்.