தவளை நரம்புக்குப் பிற்பாட்டு

செபநாயகத்துக்கு "ஏலாது" என்ற சொல் வாயில் வராது. யாழ்ப்பாணத்து மீன்பிடிக் கரையான குருநகரில் பிறந்து, டொக்டராவதற்காகத் தவளை வெட்டிக்கொண்டிருந்த முதல் பிள்ளை அவன். அதனாலேயே கரையில் உள்ள எல்லாருக்கும் அவன் வேண்டியிருந்தான். பின்னேரம் பந்தடிக்கக் கூப்பிட்டார்கள், போனான். கோயில் பாடற்குழுவுக்குக் கூப்பிட்டார்கள், அதற்கும் போனான். கலியாண வீடுகளில் மாப்பிள்ளைத் தோழன் வேறு. விளைவு, மெடிக்கல் கொலிச் புகுமுகப் பரீட்சையில் முதல் தரம் கோட்டை விட்டான். இரண்டாம் தரம்தான் கடைசி. அதையும் விட்டால் தவளையும் இல்லை, டொக்டரும் இல்லை.

முப்பத்தெட்டாம் ஆண்டு, அந்தக் கடைசிப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்க, கிறகோரி அண்ணாவியார் வீடு தேடி வந்தார். கூத்துப் பழக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, கோபத்திலும் அப்படித்தான்.

"தம்பி, திருநாள் கூத்துக்கு நீதான் ராசா."

"அண்ணாவியார், எனக்குச் சோதினை வருகுது..."

"ராசா என்ன வலை இழுக்கவே போறார்? வந்து நிண்டு பாடுறதுதானே. ஞாயிறு பூசைக்குப் பிறகு சுவாமியார் கொப்பி தருவார், வா."

சுவாமியார் ஆசீர்வதித்துக் கொடுத்த, பாட்டெழுதிய கூத்துக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தவன் எங்கள் கரையில் ஒருவனும் இல்லை. கொடுத்தால் வீட்டுக்கு ஏதும் கேடு வந்துவிடும் என்று பயம். செபநாயகம் கை நீட்டி வாங்கினான்.

பாவம், அவன் சும்மா இருந்துவிடவில்லை. தவளையின் மூளையிலிருந்து புறப்படும் பத்து நரம்புகளின் பெயர்களையும் ராசாவின் வரவுப் பாட்டு மெட்டில் கட்டிவிட்டான். "ஒல்பக்டறி, ஒப்டிக், ஒக்குலோமோட்டர், பதெட்டிக்" என்று ஓரடி பாடுவான். பந்தடிக்கிற கூட்டாளிகள்தான் கூத்தில் பிற்பாட்டுக்காரர்களும். அவர்கள் சிரித்துச் சிரித்து அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அதற்குள் அடுத்த அடி அவன் நாக்கில் வந்து நிற்கும். படிப்பும் நடக்கிறது, கூத்தும் நடக்கிறது என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

திருநாளன்று ராசா சபையைக் கட்டிப்போட்டார். மூன்றாம் நாள் செபநாயகம் தொண்டை கட்டியபடி கொழும்பு ரயில் ஏறினான்.

எழுத்துப் பரீட்சையில் நரம்பு வரவில்லை, தப்பினான். வாய்மொழிப் பரீட்சையில்தான் வினை வந்தது. வெள்ளைக்காரத் துரை, வெட்டி விரித்த தவளையில் ஒரு மெல்லிய நரம்பைச் சாவண இடுக்கியால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். ஒன்பதாவது நரம்பு. பார்த்தவுடனே அவனுக்குத் தெரிந்தது. பெயர்தான் வரவில்லை. பெயர் பாட்டின் மூன்றாமடியில் இருந்தது. அங்கே போக முதலடியில்தான் தொடங்கவேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தான்.

"செபம் சொல்கிறாயா?" என்று துரை இங்கிலீசில் கேட்டார்.

"யெஸ், சேர்."

துரை பக்தியுள்ள மனிதர். தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

முதலடி முடிந்தது. செபநாயகம் நின்றான். பிற்பாட்டு வரவேண்டிய இடம் அது. மண்டபத்தில் சுவர்மணிக்கூட்டைத் தவிர வேறு சத்தமில்லை. இரண்டாமடி வரவில்லை. திரும்ப முதலடியைப் பாடினான், திரும்பவும் அதே இடத்தில் நின்றான். பிற்பாட்டுக்காரர்கள் இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். துரை மெல்ல மணியைத் தட்டினார். அடுத்தவன் உள்ளே வந்தான்.

சித்தியடைந்தோர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. செய்தி வந்த அன்று தாய் லூர்த்தம்மா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"உனக்குத் தெரியாததையே கேட்டவங்கள், மோனை?"

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சால் சொல்லியிருக்கலாமே."

"முதலடிக்குப் பிறகு வரயில்லை அம்மா."

"எது, இதுவே?"

லூர்த்தம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நாலு மாதமாகக் காதில் விழுந்ததை, கத்தியை நிறுத்தாமலே, பிற்பாட்டுக் குரலில் இழுத்தாள். "ஒப்பத்திரி, ஒப்பிரிக்கு, ஒக்கிலமோட்டர், பத்தேத்திக்கு..."

அவள் முடிக்குமுன் அவன் வாய் திறந்தது. இரண்டாமடி வந்தது. மூன்றாமடியும் வந்தது. குளொசோபரிஞ்சியல் என்ற அந்தப் பாழாய்ப்போன பெயர் ஒரு எழுத்தும் பிசகாமல் வந்தது. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. கண்ணீர் வழிய வழியப் பத்தாவது நரம்புவரை பாடி முடித்தான்.

"நல்லாத்தானே பாடுறாய், மோனை," என்றாள் தாய்.