கூறைச் சிவப்பு

கொழும்பு ஓவியர் அனுப்பிய படத்தைப் பார்த்து எங்கள் கனகராயன்குளம் நெசவுசாலையில் சுவர்த்திரை நெய்துகொண்டிருந்தோம். படத்திலிருந்த சூரியனைப் பாதி நெய்ததும் சிவப்பு நூல் முடிந்தது. நூல் ஏற்றி வந்த லொறியை வழியில் எரித்துவிட்டார்கள். ஓவியரின் கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் சிவலட்சுமி தன் சிவப்புக் கல்யாணக் கூறைச்சேலையைக் கொண்டுவந்தாள். அவள் கணவனை ஆமிக்காரர் பிடித்துப்போய் ஏழு மாதம். அவன் செத்துவிட்டான் என்றவர்களையெல்லாம் ஏசி, பொட்டோடு திரிந்தவள். அன்று நெற்றி வெறுமையாக இருந்தது.

"பிரியுங்கோ. இனி எனக்கென்னத்துக்கு?"

அழுதபடியே நூல் பிரித்தோம். சூரியனை முடித்து அனுப்பினோம்.

ஓவியரிடமிருந்து கடிதம் வந்தது: "சிவப்பு அபாரம். அதே சிவப்பில் இன்னுமொன்று வேண்டும்."

மடைச்சி நான், அதை உரக்க வாசித்துவிட்டேன். தங்கள் கணவன்மாரைத் தேடிக்கொண்டிருக்கும் நான்கு பெண்கள் பொட்டோடு தறிகளில் இருந்தார்கள்.